நானூறு பிளகின்களை அடுக்குவது எப்படி: தொண்டித் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தொண்டியில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். அவர் ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் வேலை செய்கிறார். அதனுள் சேர்த்து ஒலியைத் திருத்தவோ உருவாக்கவோ உதவும் சிறுநிரல்களான பிளகின்கள், இலவசமாக இறக்கியவையும் விலைக்கு வாங்கியவையுமாக, நானூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. மென்பொருள் திறப்பதற்கே நெடுநேரம் பிடிக்கிறது. பாடகர் ஒலிவாங்கிக்கு முன் காத்து நிற்கும்போது வேண்டிய ஈக்யூவை (ஒலியின் தாழ்வு, உயர்வுப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) தேடி எடுப்பதற்குள் இருவருக்கும் சலித்துவிடுகிறது. பிளகின் கோப்புகளை வகைவாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புறைகளுக்கு மாற்றிவிடலாமா, அல்லது பாதியை அழித்துவிடலாமா என்று கேட்கிறார். தன் நண்பர்கள் வேறு மென்பொருள்களில் வேலை செய்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கடைசியில், இன்றைய 64 பிட் மென்பொருள்களுக்கு முந்தைய, பழைய 32 பிட் பிளகின் ஒன்றை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

கோப்புகளை மாற்றவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். வன்தட்டில் இருப்பவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்; மென்பொருளுக்குள் உங்கள் கண்ணுக்குத் தெரியும் பட்டியலை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். அந்தப் பட்டியலையும், நிறுவனத்தின் பெயரால் அடுக்காமல், வேலையின் பெயரால் அடுக்குங்கள்.

மண்டபம் ஊரில் நான் இருக்கும் தெருவில் வலைக்கொட்டகைகள் உண்டு. நண்டு வலை ஒரு மூலையிலும், சூடை வலை இன்னொரு மூலையிலும், திருக்கை வலை தனியாகவும், எந்த மீனுக்குப் போகிறார்களோ அதை உடனே எடுக்கும்படி கிடக்கும். வள்ளத்தில் ஏறப்போகிறவர் “அந்தக் கடையில் வாங்கிய வலையை எடு” என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பல இசை மென்பொருள்கள் பிளகின்களைத் தயாரிப்பாளரின் பெயராலோ கோப்பு வகையாலோ அடுக்கித்தான் முதலில் காட்டுகின்றன. குரலில் உள்ள சகரச் சீறலைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பட்டியலைத் திறப்பவருக்கு அந்தப் பெயர் வரிசையால் என்ன பயன்? எந்த நிறுவனத்தின் எந்தப் பிளகின் அந்த வேலையைச் செய்யும் என்பதை அவர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்தால்தான் அது உதவும். நாற்பது பிளகின் வரை அப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். நானூறை யாராலும் முடியாது.

கோப்புகளைத் தொட வேண்டாம் என்று நான் சொல்வதற்கான காரணம் புரிய, அவை எங்கே இருக்கின்றன என்பது தெரிய வேண்டும். விஎஸ்டி என்னும் பிளகின் வடிவத்தை ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் தன் கியூபேஸ் மென்பொருளோடு அறிமுகப்படுத்தியது. 1999இல் விஎஸ்டி2 வந்தது, 2008இல் விஎஸ்டி3 வந்தது. விஎஸ்டி2 காலத்தில், விண்டோஸ் கணினியில் பிளகின் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று கறாரான விதி இல்லை. ஒன்று புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விஎஸ்டிபிளகின்ஸ் என்ற கோப்புறைக்குப் போகும். இன்னொன்று ஸ்டைன்பெர்க் பெயருள்ள கோப்புறைக்குள் நுழையும். மூன்றாவது தன் நிறுவனத்தின் பெயரிலேயே தனியிடம் பிடித்துக்கொள்ளும். விஎஸ்டி3 வடிவத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை: புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3 என்று ஒரே இடம் வகுக்கப்பட்டது. மேக் கணினியில் லைப்ரரி, ஆடியோ, பிளக்-இன்ஸ் என்று உள்ளே போனால் விஎஸ்டி, விஎஸ்டி3 என்ற கோப்புறைகளும், ஆப்பிளின் ஆடியோ யூனிட் வகைக்கான காம்பொனென்ட்ஸ் கோப்புறையும் இருக்கும்.

இப்போது நீங்கள் நினைப்பதுபோல விஎஸ்டி3 கோப்புறைக்குள் ஈக்யூ, கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ரிவெர்ப் (அறையின் எதிரொலிச் சாயலைத் தருவது) என்று உட்கோப்புறைகள் செய்து கோப்புகளை நகர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எல்லாம் சரியாகவே வேலை செய்யும், ஏனென்றால் மென்பொருள்கள் உட்கோப்புறைகளையும் தேடிப் பார்க்கும். சிக்கல் அடுத்த மாதம் வரும். பிளகினின் புதுப்பிப்பை நிறுவும்போது, நிறுவி (இன்ஸ்டாலர்) தன் பழைய இடத்திலேயே புதிய கோப்பை வைக்கும். நீங்கள் நகர்த்திய பழைய கோப்பு உட்கோப்புறையில் அப்படியே கிடக்கும். ஒரே பிளகினின் இரண்டு பதிப்புகள் கணினியில் இருக்க, மென்பொருள் எதை எடுத்துக்கொண்டது என்று உங்களுக்குத் தெரியாது. பின்னர் நிறுவல் நீக்கினாலும் நகர்த்திய கோப்பு போகாது. சில பிளகின்கள் தம் ஒலிமாதிரிகளையும் முன்னமைப்புகளையும் தம் கோப்புக்குப் பக்கத்திலேயே தேடும். அவை நகர்த்திய உடனேயே பழுதாகும்.

அழிப்பது இதைவிட மோசம், நான் பட்டிருக்கிறேன். ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்காகப் பதிவு செய்த பாடல் ஒன்றில் ஒரு சரணத்தை மட்டும் திருத்திப் பாட வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் கழித்து அதே பாடகர் வந்தார். அந்தப் பாட்டில் நான் பயன்படுத்தியிருந்த ரிவெர்பின் புதிய பதிப்பு இடையில் வந்திருந்தது. ‘புதியது வந்த பிறகு பழையது எதற்கு’ என்று நானே அதை நீக்கியிருந்தேன். திட்டக்கோப்பைத் திறந்தால் ரிவெர்ப் இருந்த இடத்தில் ‘காணவில்லை’ என்ற அறிவிப்பு. ரீப்பர் அந்தப் பிளகினின் அமைப்பு விவரங்களைப் பத்திரமாகவே வைத்திருந்தது. ஆனால் அவற்றைப் படிக்க அந்தப் பிளகின் என்னிடம் இல்லை, தயாரித்தவரின் தளத்திலும் பழைய நிறுவி எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டு இரவுகள் காதால் கேட்டுக் கேட்டு அந்த ரிவெர்பை ஒத்த ஒன்றை அமைத்தேன். பாடகர் ஏற்றுக்கொண்டார்; எனக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை.

புதிய பெரிய பதிப்பு என்பது, பெயர் ஒன்றாக இருந்தாலும், மென்பொருளின் பார்வையில் பெரும்பாலும் வேறொரு பிளகின். ஃபேப்ஃபில்டர் நிறுவனத்தின் புரோ-கியூ 2, புரோ-கியூ 3, புரோ-கியூ 4 ஆகியவை ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே நிறுவப்படுவது இதனால்தான். பழைய பாட்டு பழைய பதிப்போடு திறக்கும். அது பயனாளருக்குச் செய்யப்பட்ட வசதி. பட்டியலில் மூன்றும் நிற்பது கண்ணை உறுத்துகிறது என்றால், பழைய இரண்டையும் கண்ணில் படாமல் வைக்க வேண்டுமே தவிர நீக்கக் கூடாது.

திறக்க நேரமாகிறது என்ற குறைக்கும் அழிப்பது மருந்தன்று. நிறுவப்பட்டுப் பயன்படுத்தப்படாமல் இருக்கும் பிளகின், பாட்டு ஓடும்போது செயலியைத் தின்பதில்லை. ட்ராக்கில் ஏற்றிய பிளகின் மட்டுமே தின்னும். எண்ணிக்கை தொல்லை தருவது மென்பொருள் தொடங்கும்போது செய்யும் தேடலில்தான். ரீப்பர் ஒருமுறை தேடிக் கண்டவற்றை ஒரு பட்டியலாகச் சேமித்துக்கொண்டு, அடுத்தமுறை புதியவற்றையும் மாறியவற்றையும் மட்டுமே ஆராயும். ஆகவே ஒவ்வொரு நாளும் நெடுநேரம் பிடித்தால், ஏதோ ஒரு பிளகின் ஒவ்வொரு முறையும் தேர்வில் தோற்று மறுபடி மறுபடி ஆராயப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். தொடக்கத் திரையில் தேடலின்போது ஓடும் பெயர்களைக் கவனியுங்கள்; எந்தப் பெயரில் நிற்கிறதோ அதுவே குற்றவாளி. பல சமயம் அது உரிமம் காலாவதியான பிளகினாக இருக்கும்: ‘உரிமத்தைப் பதிவுசெய்க’ என்ற சாளரத்தை அது திறந்துவிட்டு, அந்தச் சாளரம் தொடக்கத் திரைக்குப் பின்னால் மறைந்து நிற்க, நாம் முன்னால் உட்கார்ந்து கணினியைத் திட்டிக்கொண்டிருப்போம். இன்னொன்றையும் பாருங்கள்: ரீப்பரின் அமைப்புகளில் விஎஸ்டி தேடும் இடங்களாக என்ன குறிக்கப்பட்டிருக்கிறது? ஒரு நண்பருடைய கணினியில் புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதையுமே அவர் கொடுத்துவைத்திருந்தார். பிளகின் கோப்புறைகளை மட்டும் கொடுத்து, சேமித்த பட்டியலை அழித்து, ஒருமுறை முழுத் தேடல் நடத்தினால் போதும்.

பட்டியல் நானூறாகத் தெரிவதற்கு இரட்டைப் பதிவுகளும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே பிளகினை நிறுவும்போது விஎஸ்டி2, விஎஸ்டி3 இரண்டையும் சேர்த்து நிறுவிவிடுவோம். ரீப்பரில் பெயருக்கு முன்னால் வகை எழுதப்பட்டிருப்பதால் இதை எளிதில் கண்டுகொள்ளலாம். இனி நிறுவும்போது விஎஸ்டி3க்கு மட்டும் குறியிடுங்கள். ஸ்டைன்பெர்க் 2018இலேயே விஎஸ்டி2க்கான மேம்பாட்டுத் தொகுப்பை நிறுத்திவிட்டது. புதிய வேலையை அதில் தொடங்குவதில் பொருளில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள விஎஸ்டி2 கோப்புகளை, முடித்த பாடல்கள் அவற்றைக் கேட்கும் என்பதால், இருக்க விடுங்கள்.

வேலையின் பெயரால் அடுக்குவது என்றால் என்னென்ன பிரிவுகள் என்பதுதான் அடுத்த கேள்வி. ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப், டிலே (ஒலியைச் சற்றுப் பிந்தித் திரும்ப ஒலிப்பது) என்று கருவி வகையால் பிரிப்பதையே பலரும் செய்கிறார்கள், அது தவறில்லை. விஎஸ்டி3 பிளகின்கள் தம் வகையைத் தாமே அறிவிப்பதால் மென்பொருளே அந்தப் பிரிவை ஓரளவு செய்தும் கொடுக்கும். ஆயினும் நான் ஒருபடி முன்னே போய், பாட்டு கைக்கு வந்த நேரத்திலிருந்து முடியும்வரை வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையில் பிரிக்கச் சொல்வேன். என்னுடைய முதல் பிரிவின் பெயர் ‘சுத்தம்’. இரண்டாவது ‘திருத்தம்’, ஈக்யூவும் கம்ப்ரசரும் இதில் வரும். மூன்றாவது ‘நிறம்’, அதாவது டேப், வால்வு போன்றவற்றின் சாயலைத் தருபவை. நான்காவது ‘இடம்’, ரிவெர்பும் டிலேயும் இதில். ஐந்தாவது ‘அளவு’, மீட்டர்களும், ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரும். பெயருக்கு முன்னால் எண்ணைப் போட்டுக்கொண்டால் பட்டியல் அதே வரிசையில் நிற்கும். வாத்தியப் பிளகின்கள் இதில் சேராமல் தனியே இருக்கும்.

சுத்தம் என்ற பிரிவை நம் கரையில் வேலை செய்பவர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடப் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பனிலோ தனுஷ்கோடியிலோ வெளியில் பதிவு செய்தவர்களுக்கு இது தெரியும். மீனவர்களின் அம்பாப் பாட்டைக் கரையிலேயே பதிவு செய்துகொண்டு வந்தால், குரலுக்குக் கீழே காற்றின் உறுமல், தொலைவில் போகும் விசைப்படகின் எஞ்சின், ஜெனரேட்டர் ஓசை எல்லாம் சேர்ந்து வரும். மின்சாரத்திலிருந்து வரும் இரைச்சல் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் குந்தியிருக்கும். தாழ்வொலியை வெட்டும் வடிகட்டி, குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் ஊசிபோல் குத்தி எடுக்கும் ஈக்யூ, இரைச்சல் நீக்கி, கேட் (ஒலி குறைந்த இடங்களை அடைப்பது), டி-எஸ்ஸர் (சகரச் சீறலைக் குறைப்பது) ஆகியவை ஒரே இடத்தில் இருந்தால் இந்த வேலை விரைவில் முடியும். ரீப்பரோடு கூடவே வரும் ரீயாஃபிர் பிளகினில் கழித்தல் என்ற நிலை உண்டு. பாட்டில்லாத ஒரு துண்டைக் கேட்கவைத்து அந்த இரைச்சலின் சாயலை அதற்குக் கற்றுக்கொடுத்தால், மீதிப் பதிவிலிருந்து அதைக் கழித்துக்கொடுக்கும். சீரான இரைச்சலுக்கு அது போதும். கூடிக் குறையும் காற்றுக்கு அது உதவாது. காற்றுக்கு முதல் மருந்து ஒலிவாங்கியின் மேல் போடும் பஞ்சு உறைதான், பிளகின் இல்லை.

இந்தப் பிரிவு ஏன் முதலில் நிற்க வேண்டும் என்பதற்கு ஒலியியல் காரணமும் இருக்கிறது. காற்றின் உறுமல் நம் காதுக்கு அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் அதன் ஆற்றல் பெரிது. அதை வெட்டாமல் கம்ப்ரசரைப் போட்டால், கம்ப்ரசர் குரலுக்குப் பதிலாகக் காற்றுக்கு வினைபுரிந்து, ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் குரலை அமுக்கும். பிரிவுகளை வேலை வரிசையில் வைத்திருப்பவர் மேலிருந்து கீழே எடுத்துக்கொண்டு போகும்போது இந்தத் தவறு தானாகவே நேராமல் போகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 100 ஹெர்ட்ஸில் வெட்டக் கூடாது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் அந்த இழுவை ஓசையின் உயிரே தாழ்வொலியில் இருக்கிறது. நையாண்டி மேளப் பதிவில் நாதஸ்வரத்துக்கு வெட்டிய இடத்தில் உறுமிக்கும் வெட்டினால் உறுமி வெறும் தோல்தட்டாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொரு சிறிய பிரிவும் எனக்கு உண்டு. அதை நான் ‘பதிவு நேரம்’ என்று அழைக்கிறேன். பாடகர் தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடும்போது, ட்ராக்கில் போட்டிருக்கும் பிளகின் தாமதத்தை உண்டாக்கினால் அவருடைய தாளம் தடுமாறும். முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ, இரைச்சல் நீக்கி போன்றவை இயல்பிலேயே தாமதம் உடையவை. கணக்கு எளிது: விநாடிக்கு 48,000 ஒலிமாதிரிகள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில், தாமதம் 256 மாதிரிகள் என்றால் 5.3 மில்லி விநாடி, பாடகருக்குப் பெரும்பாலும் தெரியாது. 4096 மாதிரிகள் என்றால் 85 மில்லி விநாடி, யாராலும் பாட முடியாது. ரீப்பரில் பிளகின் சாளரத்தின் அடிப்பகுதியிலேயே ஒவ்வொரு பிளகினும் எத்தனை மாதிரி தாமதம் தருகிறது என்று காட்டும். தாமதம் பூச்சியமாகவோ மிகக் குறைவாகவோ உள்ள ஒரு ஈக்யூ, ஒரு கம்ப்ரசர், ஒரு ரிவெர்ப் ஆகிய மூன்றை மட்டும் இந்தப் பிரிவில் போட்டுக்கொள்ளுங்கள். பாடகர் காத்திருக்கும்போது உங்கள் கை இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. உங்களுடைய பாதிக் குறை இங்கேயே தீர்ந்துவிடும்.

ரீப்பரில் இதைச் செய்வது கடினமில்லை. எஃப்எக்ஸ் (அதாவது பிளகின்) சேர்க்கும் சாளரத்தின் இடப்பக்கத்தில் உங்களுடைய சொந்தக் கோப்புறைகளை உருவாக்கலாம். ஒரு பிளகினின் மேல் வலது சொடுக்கினால் அதை எந்தக் கோப்புறையில் சேர்ப்பது என்று கேட்கும். ஒரே பிளகின் இரண்டு மூன்று கோப்புறைகளில் இருக்கலாம், ஏனென்றால் இது பெயர்களின் பட்டியல் மட்டுமே. வன்தட்டில் எதுவும் நகர்வதில்லை. தேடுசொல்லைக் கொடுத்துவைத்தால் அதற்குப் பொருந்தும் எல்லாவற்றையும் தானே திரட்டும் ஸ்மார்ட் ஃபோல்டரும் உண்டு. அது வசதியாகத் தோன்றினாலும் நான் அதிகம் நம்புவதில்லை. கம்ப்ரசர் என்ற சொல்லைக் கொடுத்தால், பெயரில் அந்தச் சொல் உள்ளவை மட்டுமே வரும். 1967இல் வந்த 1176 கம்ப்ரசரைப் பின்பற்றிய பிளகின்கள் பல, பெயரில் 76 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்ளும். அத்தகையவற்றுக்கு ரீப்பரிலேயே காட்சிப்பெயரை மாற்றிக்கொள்ளலாம். ‘76’ என்பதற்குப் பக்கத்தில் ‘வேகக் கம்ப்ரசர்’ என்று எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்தும் நினைவிருக்கும்.

கோப்புறைகளைவிட அதிகப் பலன் தருவது எஃப்எக்ஸ் செயின். உங்களுக்கு வரும் பதிவுகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதாம்: தப்ஸோடு பாடும் குழு, தேவாலயப் பாடகர் குழு, தனிக்குரல், தவில், உறுமி. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை நன்றாக அமைந்த பிளகின் வரிசையை, அமைப்புகளோடு சேர்த்து, ‘ஆண்குரல் தொடக்கம்’, ‘உறுமி தொடக்கம்’ என்பதுபோன்ற பெயரில் சேமித்துவிட்டால், அடுத்தமுறை நான்கு பிளகின்களைத் தேடுவதற்குப் பதில் ஒரே பெயரை எடுத்துப் போடலாம். பெயரில் ‘தொடக்கம்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். ஒரு குரலுக்குப் பொருந்திய அளவுகள் இன்னொரு குரலுக்குப் பொருந்தா; கம்ப்ரசரின் எல்லையையாவது ஒவ்வொரு முறையும் மாற்றியே ஆக வேண்டும். இதை மறந்து, சேமித்த வரிசையை அப்படியே விட்டுவிட்ட பதிவுகளை நான் கேட்டவுடன் கண்டுகொள்வேன். அவற்றில் என்னுடையவையும் சில உண்டு.

உங்கள் நண்பர்கள் வேறு மென்பொருள்களில் வேலை செய்கிறார்கள் என்றீர்கள். அவர்களுக்கும் இதே முறை பொருந்தும், வழிதான் வேறு. எஃப்எல் ஸ்டுடியோவில் பிளகின் மேலாளரில் தேடல் நடத்தி, வேண்டியவற்றுக்கு நட்சத்திரமிட்டால் அவை பிளகின் டேட்டாபேஸில் சேரும். அங்கே வகைக்கோப்புறைகளை விருப்பப்படி அமைக்கலாம். கியூபேஸில் விஎஸ்டி பிளகின் மேலாளரில் ‘கலெக்‌ஷன்’ என்ற பெயரில் தனிப் பட்டியல்கள் செய்துகொள்ளலாம். குரலுக்கு ஒன்று, இறுதிக் கலவைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றித் திறக்கலாம். ஏபிள்டன் லைவில் 2018இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஏழு வண்ணக் குறிகள் உண்டு. ஏழுக்கு மேல் பிரிவு வேண்டாம் என்று அது சொல்லாமல் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன். லாஜிக்கில் பிளகின் மேலாளரில் சொந்த வகைகளை உருவாக்கலாம், வேண்டாதவற்றுக்குக் குறியை எடுத்துவிட்டால் பட்டியலிலிருந்து மறையும். ஆனால் ஒரு மென்பொருளில் செய்த அடுக்கு இன்னொன்றுக்குப் போகாது. இரண்டு மென்பொருள்களில் வேலை செய்பவர் இரண்டிலும் தனித்தனியே செய்ய வேண்டியதுதான்.

பிரிவுகளுக்குள் எத்தனை பிளகின்கள் இருக்கலாம்? என்னிடம் ஒரு பிரிவுக்கு ஐந்துக்கு மேல் இல்லை. மீதி எல்லாம் ‘அனைத்தும்’ என்ற பட்டியலில் இருக்கவே இருக்கின்றன. தேடுபெட்டியில் எழுதினால் வரும். ஐந்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைப் பார்க்காதீர்கள். டிடிஆர் நோவா என்ற இலவச டைனமிக் ஈக்யூ, வல்ஹல்லா சூப்பர்மாஸிவ் என்ற இலவச ரிவெர்ப், யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு ஆகிய மூன்றும் என் பிரிவுகளில் இன்றும் நிற்கின்றன. விலைக்கு வாங்கிய சில பிளகின்கள் நிற்கவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேற, வலைகளைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். அந்த 61 நாட்களில் ஒருநாளை ஒதுக்கி, போன ஆண்டில் ஒருமுறைகூடத் தொடாத பிளகினைப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவேன். பிரிவிலிருந்து மட்டுமே எடுக்கிறேன், கணினியிலிருந்து எடுப்பதில்லை.

வாத்திய ஒலித்தொகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை பெரிய இடம் பிடிப்பவை. தனி எஸ்எஸ்டியில் வைத்து, விண்டோஸில் அந்த வட்டுக்குரிய எழுத்தை (D, E போன்றது) மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து மாறினால் கான்டாக்ட் போன்ற பிளகின்கள் ‘மாதிரிகளைக் காணவில்லை’ என்று நிற்கும்.

உரிமங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அடுக்கு முழுமையாகாது. ஒரு நோட்டிலோ விரிதாளிலோ ஒவ்வொரு பிளகினுக்கும் பெயர், பதிப்பு எண், எந்த மின்னஞ்சலில் வாங்கியது, உரிமம் எப்படித் திறக்கிறது, எத்தனை கணினிகளில் திறக்கலாம் என்பவற்றை எழுதிவையுங்கள். நிறுவிக் கோப்புகளையும் வெளிவட்டில் சேர்த்துவையுங்கள். நான் இழந்த அந்த ரிவெர்பின் நிறுவியை அப்போதே சேர்த்து வைத்திருந்தால் இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனைகள் பச்சை பிடிப்பது நமக்குப் பழகிய கதைதான். உரிமத்தைத் தாங்கும் யூஎஸ்பி சாவி ஒன்று எனக்கு அப்படியே போயிற்று. அதன் பிறகு வேலை முடிந்ததும் சாவியை எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன். இணையத்தின் வழியே மட்டும் திறக்கும் உரிமமாக இருந்தால், புயல் எச்சரிக்கை நாட்களில் இணைப்பு போனதும் அந்தப் பிளகினும் போகும். கணினியிலேயே பதிந்துகொள்ளும் வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உடைத்துப் பகிரப்படும் பிளகின்களைப் பற்றி ஒரு வரி: தேடலின்போது மென்பொருளை நிறுத்திவைப்பவற்றில் அவை அடிக்கடி இருக்கும், கூடவே என்ன நச்சுநிரலைக் கொண்டுவந்தன என்பதும் தெரியாது. இலவசமாகவே நல்லவை கிடைக்கும் காலத்தில் அவற்றை வைத்திருப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ரீப்பரில் நீங்கள் செய்த கோப்புறை அடுக்கும் ஒரு சிறிய கோப்பில்தான் இருக்கிறது. பொது அமைப்புகளில் உள்ள ‘எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன்’ வழியே அமைப்புகளை ஒரே கோப்பாக எடுத்து வெளிவட்டில் வைத்துவிட்டால், கணினி மாறினாலும் அடுக்கை மறுபடி செய்ய வேண்டியிருக்காது. செயின்களும் ட்ராக் வார்ப்புருக்களும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று ஏற்றுமதியின்போது குறியிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை செய்தாலும் பத்து ஆண்டு கழித்து எல்லாப் பிளகினும் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும் பிளகினோடு ஒருமுறை, பிளகின் இல்லாமல் ஒருமுறை, வேவ் கோப்பாக எடுத்துவைப்பது என் வழக்கம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒற்றைத்தட ஒலி நிமிடத்துக்கு 8.64 மெகாபைட், ஐந்து நிமிடப் பாட்டில் இருபது ட்ராக் என்றால் ஒருமுறைக்கு 864 மெகாபைட், இருமுறைக்கு ஒன்றே முக்கால் ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய வட்டுகளின் விலைக்கு இது பெரிய செலவில்லை.

கடைசியாக அந்த 32 பிட் பிளகின். விண்டோஸில் 64 பிட் ரீப்பர் அதைத் தனிப் பாலம் ஒன்றின் வழியே இன்னும் ஓட்டும். கியூபேஸ் 2016இல் வந்த 9ஆம் பதிப்போடு அத்தகைய பிளகின்களைக் கைவிட்டுவிட்டது. எனவே அது இருக்கும் பழைய திட்டக்கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த ட்ராக்கை மட்டும் பிளகினோடு வேவாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்த பிறகும் பிளகினை நீக்க வேண்டாம். எந்தப் பிரிவிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். புதிய பாட்டில் அது உங்கள் கைக்கு வராமல் இருந்தால் போதும்.